சூரைக்கு எல்லைக்கோடு தெரியுமா?

கேள்வி: கடலில் ஒரு பெரும்பகுதியை மீன்பிடிக்க விடாமல் மூடிவைத்தால் அக்கம்பக்கத்தில் சூரை மீன் (டூனா) பிடிப்பவர்களுக்கு லாபம் என்கிறார்கள். ஓரிடத்தில் நில்லாத மீனுக்கு எல்லை போட்டு என்ன பயன்?
— ஒரு வாசகர், தூத்தூர்

பதில்: சில ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், "காக்கைக்கு வேலி கட்டுகிறார்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த கடிதத்தைப் பிரித்திருப்பேன். ஹவாய்க் கணக்கைப் பார்த்தபின் அந்தத் துணிச்சல் போய்விட்டது.

ஹவாய்க்கு வடமேற்கே பாப்பஹானௌமோகுவாகேயா என்றொரு கடல் காப்பகம். (பெயர் வாயில் நுழைய எனக்கு ஒரு வாரம் ஆனது.) 2006-இல் புஷ் அறிவித்ததை 2016-இல் ஒபாமா சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டராக விரித்தார். பதினொரு தமிழ்நாட்டை உள்ளே வைக்கலாம். பிழைப்பு போயிற்று என்று ஹொனலூலு படகுக்காரர்கள் கொதித்தார்கள். அவர்களும் உங்களைப் போல, ஒரே நீளக் கயிற்றில் வரிசையாக முள் கட்டும் ஆயிரங்கால் தூண்டில் போடுகிறவர்கள்தான்.

அந்தப் படகுகள் சிலவற்றில் கணக்கெடுக்கும் பார்வையாளர்கள் உடன் சென்று, எத்தனை முள்ளுக்கு எத்தனை மீன் என்று குறித்துக்கொள்வது வழக்கம். அந்தக் குறிப்புகளை வைத்து 2022-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. காப்பக எல்லையிலிருந்து 100 கடல் மைலுக்குள் மஞ்சள் துடுப்புச் சூரை, அதாவது உங்கள் கேரை, முன்பைவிட 54 சதவீதம் கூடுதலாக முள்ளில் ஏறியிருந்தது. ஹவாய்க் கேரையில் பெரும்பகுதி தீவுகளை விட்டு வெகுதூரம் போவதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். உள்ளே நிம்மதியாக வளர்ந்து பெருகுவது மெல்ல வெளியே வழிகிறது.

ஆனால் 54 என்ற எண்ணைக் கண்டு நான் துள்ளமாட்டேன். அந்தப் படகுகள் முதலில் தேடிப் போவது பெருங்கண் சூரையை, காசு அதில்தான். அது கூடியது 12 சதவீதம். எல்லா மீனையும் சேர்த்தால் 8. கொதித்த அளவுக்கு நஷ்டமில்லை என்று சொல்லலாம், கொட்டிக் கொடுத்தது என்று சொல்ல முடியாது.

பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியின் பீனிக்ஸ் தீவுக் காப்பகக் கதை வேறு. அங்கே முக்கியமாக, மீன் கூட்டத்தை வளைத்து அள்ளும் சுருக்குவலைக் கப்பல்கள். மீன், கூட்டம் கூட்டமாக ஊர் சுற்றும் வரிச்சூரை. நான்கு லட்சம் சதுர கிலோமீட்டரை 2015 ஜனவரி 1 முதல் மூடினார்கள். வரிச்சூரைக்கும் பெருங்கண்ணுக்கும் அதனால் பெரிய பாதுகாப்பு இல்லை என்று 2023-இல் ஓர் ஆய்வு சொன்னது. வலை நிற்கவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான். அதைவிட வேடிக்கை, மூடப்போகிறார்கள் என்ற செய்தி கசிந்ததுமே, நாளை முழு அடைப்பு என்றால் இன்று கடைத்தெரு நிரம்புமே, அப்படிக் கப்பல்கள் அங்கே குவிந்து மீன்பிடிப்பு இருமடங்குக்கு மேல் ஏறியது. கடைசியில் 2021-இல் அரசே மறுபடி திறக்கப்போவதாக அறிவித்தது. மீன்பிடி உரிமக் கட்டணத்தை நம்பிக் குடித்தனம் நடத்தும் நாடு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.