காய்கறிப் பெட்டிக்கு வட்டி கட்டுகிறீர்கள்

கேள்வி: எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள். 14 மாதங்களுக்கு முன் அவளுக்குத் தோலில் தடிப்பு வந்தது. வீட்டில் சாப்பிடுவதை எல்லாம் ஆர்கானிக்காக மாற்று என்று நாத்தனார் சொன்னார். அன்றிலிருந்து வாரம் ஒரு பெட்டி வருகிறது. பணம் கிரெடிட் கார்டில் தானாகக் கழிகிறது. பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. இப்போது ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடியாம். சேர்ந்துவிடு என்று நாத்தனார் வற்புறுத்துகிறார். மகள் பெயரில் ஒரு வைப்புத்தொகை இருக்கிறது. அதைத் தொட மனம் வரவில்லை. குறைந்த வருமானத்தில் ஆர்கானிக் உணவை மலிவாக வாங்க வழி சொல்லுங்கள்.

பதில்: பருவத்தில் விளைவதை வாங்குங்கள், நான்கு கடைகளில் விலை விசாரியுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் அனுப்பிய செலவுக் கணக்கைப் பார்த்தாலே அதெல்லாம் தெரிந்தவர் என்று புரிகிறது. அந்தக் கணக்கில் என்னைக் கவலைப்படுத்தியது ஒரே வரிதான்: "கார்டு, குறைந்தபட்சத் தொகை கட்டியாயிற்று."

உங்கள் மாத வருமானத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பெட்டி வருவதற்கு முன் உணவுக்கு 24 பங்கு ஆனது, இப்போது 36. கூடிய 12 பங்கில் 4 பங்கு, மாதாமாதம் சேமித்துவந்ததை நிறுத்தியதால் கிடைத்தது. மீதி 8 பங்கு மாதந்தோறும் கார்டில் ஏறுகிறது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு அதே வாரம் அதே கார்டில் அடுத்த பெட்டியை வாங்குவதால், கட்டியதாகத் தோன்றுகிறதே தவிர கடன் குறையவில்லை. மாதம் 3 சதவீத வட்டியில் 14 மாதம் இப்படியே போனால் பாக்கி ஏறக்குறைய 137 பங்கு. இதில் சுமார் 25 பங்கு வெறும் வட்டி. மாதம் 3 என்பது கேட்கச் சிறிதாக இருக்கிறது. வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கும் மேல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பாக்கி நிற்கும்போது, பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாக் கெடு கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வியாழக்கிழமை வந்த கீரை ஞாயிற்றுக்கிழமை குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் கொழகொழத்துப் போனதால் எறிந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். குப்பைக்குப் போன அந்தக் கீரைக்கும் நீங்கள் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆண்டுச் சந்தா வேண்டவே வேண்டாம். 100 மதிப்புள்ளதை 90க்குத் தருகிறார்கள், சரி. அந்த 90ஐக் கார்டில் போட்டு, மாதம் 3 சதவீத வட்டியோடு 12 சம தவணைகளில் அடைத்தால் மொத்தம் 108ஐத் தாண்டும். தள்ளுபடி எங்கே போனது? முன்பணம் வாங்கிய நிறுவனம் இடையில் தடுமாறினால் பணத்தைத் திரும்பப் பெற அலைய வேண்டியதும் நீங்கள்தான். உணவுக்கு ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கொடுக்கும் எந்தத் திட்டத்தையும், எவ்வளவு அழகாக விளம்பரப்படுத்தினாலும், கடனில் இருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வைப்புத்தொகை 90 பங்கு அளவுக்கு இருக்கிறது என்கிறீர்கள். அதை உடையுங்கள். மகளின் பணம் என்று தயங்குவது புரிகிறது. ஆனால் ஒற்றை இலக்க வட்டி தரும் பணத்தைப் பூட்டிவைத்துக்கொண்டு 42 சதவீத வட்டி கட்டினால், அவள் பணம்தான் வேறு வாசல் வழியாக வெளியேறுகிறது. முன்கூட்டியே எடுப்பதற்கான கழிவு, இரண்டு மாதக் கார்டு வட்டியைவிட அதிகமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இருக்க வாய்ப்புக் குறைவு. 90 கட்டினால் பாக்கி 47. உணவுச் செலவைப் பழையபடி 24 பங்குக்குள் கொண்டுவந்தால் மாதம் 4 பங்கு மிஞ்சும். அதைக் கார்டுக்கே கட்டினால் சுமார் 15 மாதத்தில் கடன் தீரும். வைப்பை உடைக்காமல் அந்த 4 பங்கை மட்டும் கட்டினால்? இன்றைய பாக்கிக்கு மாத வட்டியே 4 பங்குக்குச் சற்று மேல். ஆயுள் முழுக்கக் கட்டினாலும் அசல் கரையாது.

"பிள்ளைக்கு விஷத்தையா கொடுக்கிறாய்?" என்று நாத்தனார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு தாயிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. 2012இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒப்பிட்டார்கள். ஆர்கானிக் உணவில் பூச்சிமருந்து எச்சம் குறைவு. சத்து அதிகம் என்பதற்கோ வலுவான ஆதாரம் இல்லை என்றார்கள். 2014இல் நியூகாசில் பல்கலைக்கழகம் தலைமையேற்ற மற்றொரு ஒப்பீடு, ஆர்கானிக் பயிர்களில் உடல் செல்களைச் சேதத்திலிருந்து காப்பதாகக் கருதப்படும் சில ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் கூடுதல், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவு என்றது. பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகள் வயதுக் குழந்தைக்கு நாளுக்குக் குறைந்தது 250 கிராம் பழமும் காயும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது எப்படி விளைந்ததாக இருந்தாலும் சரி. விலைக்குப் பயந்து பழத்தின் அளவைக் குறைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் குழந்தைக்கு உண்மையான நஷ்டம். தடிப்புக்கு மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கடிதத்தில் இல்லை. காட்டுங்கள். அந்தச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அந்த 24 பங்குக்குள் ஆர்கானிக்குக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. தோலோடு சாப்பிடும் ஆப்பிள், கீரை போன்ற ஒன்றிரண்டை மட்டும், கையில் காசு இருக்கும்போது வாங்குங்கள். வெங்காயம், அன்னாசி போல உரித்துச் சாப்பிடுவதற்குக் கூடுதல் விலை தர வேண்டாம். எதையும் ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு கூடாது. உங்கள் பில்லில் மூன்றில் ஒரு பங்கு ஆர்கானிக் பிஸ்கட், பழச்சாறு, நொறுக்குத்தீனி. இவற்றை இன்றே நிறுத்துங்கள். ஆர்கானிக் சர்க்கரையும் சர்க்கரைதான். "இயற்கையானது" என்று அட்டையில் அச்சடித்திருப்பதற்கும் சான்றிதழ் முத்திரைக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒரு பதப்படுத்திய உணவு ஆர்கானிக் முத்திரை பெற, உட்பொருட்களில் குறைந்தது 95 சதவீதம் அப்படி விளைந்திருக்க வேண்டும். வெறும் "இயற்கை" என்ற சொல்லுக்கு அப்படி ஒரு வரையறை கிடையாது.

நீங்கள் சேர்ந்தால் நாத்தனாருக்குப் பரிந்துரைப் புள்ளிகள் கிடைக்கும் என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் குழந்தை மீது அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் புள்ளிகள் அவருக்கு, பாக்கி உங்களுக்கு. "கார்டுக் கடன் தீரும்வரை எந்தச் சந்தாவும் எடுப்பதில்லை என்று முடிவுசெய்துவிட்டோம்" என்று உங்கள் கணவர் தன் அக்காவிடம் சொல்லட்டும். அதை நீங்கள் சொல்ல வேண்டாம்.

அடுத்த பெட்டி வியாழக்கிழமை வரும் அல்லவா? புதன்கிழமைக்குள் சந்தாவை நிறுத்துங்கள். செயலியில் சேமித்துவைத்த கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். வைப்பை உடைத்துக் கட்டிய பிறகு வரும் முதல் கார்டு அறிக்கையை எனக்கு அனுப்புங்கள். 15 மாதம் என்று நான் போட்ட கணக்கை அதை வைத்துச் சரிபார்த்துத் தருகிறேன்.