டிடிஎஸ் பிடித்த பணத்தைத் திரும்ப வாங்க கமிஷன் எதற்கு?

கேள்வி: கொளத்தூரில் இருக்கிறேன். கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாக இன்டீரியர் டிசைன் செய்கிறேன். 2025-26 நிதியாண்டில் டிசைன் கட்டணமாக மட்டும் 14 லட்சம் ரூபாய் வந்தது. அதில் 9 லட்சம் அலுவலகங்கள் கொடுத்தது. 10 சதவீதம், அதாவது 90,000 ரூபாயை டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) என்று பிடித்துவிட்டார்கள். மீதி வீட்டுக்காரர்களிடம் வாங்கியது. பிளைவுட், மைக்கா வாங்கும் பணமும் சில சமயம் என் கணக்கு வழியாகத்தான் போகிறது. ஒரு கன்சல்டன்ட், நான் ஜிஎஸ்டி எடுத்தே ஆக வேண்டும் என்கிறார். 15 சதவீதம் கமிஷன் கொடுத்தால் பிடித்த பணம் முழுவதையும் வாங்கித் தருவதாகச் சொல்லி, வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 90,000 உங்கள் பணம். ரிட்டர்னை ஒழுங்காகப் போட்டால் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து சேர வேண்டியது. அதற்கு 13,500 ரூபாய் கமிஷன் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

கணக்கு எளிதுதான். இன்டீரியர் டெக்கரேஷன் என்பது வருமான வரிச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடும் தொழில்களில் ஒன்று. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், 44ஏடிஏ பிரிவின்படி அதில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். பெட்ரோல் பில், பிரிண்ட் அவுட் பில் என்று எதையும் அடுக்க வேண்டாம். 14 லட்சத்தில் பாதி 7 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரி இல்லை. ஆகவே உங்கள் வரி பூஜ்யம், பிடித்தது முழுவதும் ரீஃபண்ட். படிவம் ஐடிஆர்-4. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால், நீங்கள் கேட்பது அதற்கு முந்தைய ஆண்டு, பழைய சட்டமே பொருந்தும் என்று சொல்லுங்கள்.

அப்படியானால் அந்த மனிதர் என்னதான் செய்வார்? இந்த மாதிரி ஆட்கள் வழக்கமாகச் செய்வதைச் சொல்கிறேன். உங்களைப் பழைய வரி முறைக்கு மாற்றுவார்கள். அங்கே 5 லட்சத்துக்குள் வந்தால்தான் வரி இல்லை. அதனால் கட்டாத எல்ஐசி, கொடுக்காத கட்சி நன்கொடை என்று 2 லட்சத்துக்குப் பொய்க் கழிவு எழுதுவார்கள். நேர்மையாகவே கிடைக்கும் அதே 90,000 ரூபாய்க்காக உங்கள் பெயரில் ஒரு பொய் ரிட்டர்ன்! பாஸ்வேர்ட் கையில் இருப்பதால் ஈமெயிலையும் மொபைல் எண்ணையும் தங்களுடையதாக மாற்றிவிடுவார்கள். ரிட்டர்ன் போடுவதற்கென்றே ஒரு ஈமெயில் திறந்து, வேலை முடிந்ததும் அதைக் கைவிடுவார்கள். நோட்டீஸ் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் இத்தகைய இடைத்தரகர்களைக் குறிவைத்து நடவடிக்கை எடுத்தது. மாட்டினால் ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். அதைக் கட்ட வேண்டியது பான் எண்ணுக்குச் சொந்தக்காரரான நீங்கள். கமிஷன் வாங்கியவரின் போன் அப்போது ஸ்விட்ச் ஆஃப். பாஸ்வேர்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். புரொஃபைலில் யாருடைய ஈமெயில், யாருடைய எண் இருக்கிறது என்றும் பாருங்கள்.

ஜிஎஸ்டிக்கு வருகிறேன். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. பெங்களூர் வாடிக்கையாளருக்கு வேலை செய்தாலும் அதே வரம்புதான். 14 லட்சத்துக்கு அவசியம் இல்லை. எடுத்துவிட்டால் வீட்டுக்காரர்களிடம் 18 சதவீதம் கூடுதலாகக் கேட்க வேண்டும். வேலையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால் தாமதக் கட்டணம். அரசுத் தளத்தில் பதிவுக்குக் கட்டணமே கிடையாது என்பதும் தெரிந்திருக்கட்டும். பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி போட்டு வசூலிப்பது சட்டவிரோதம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தக் கன்சல்டன்ட் சொல்வது உண்மையாகிவிடக்கூடும். அது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன மெட்டீரியல் பணம். உதாரணமாக, வாடிக்கையாளர் 7 லட்சத்தை உங்களுக்கு அனுப்புகிறார். நீங்கள் சைடன்ஹாம்ஸ் ரோடு பிளைவுட் கடைக்கும் கார்பென்டருக்கும் கொடுக்கிறீர்கள். ‘அது என் பணமே இல்லையே’ என்பீர்கள். கடை பில் உங்கள் பெயரில் இருந்தால், பொருளை நீங்கள் வாங்கி நீங்களே விற்றதாகத்தான் அதிகாரி பார்ப்பார். 14-உம் 7-உம் 21. வரம்பு போய்விட்டது. வருமான வரிக் கணக்கிலும் அந்த 7 லட்சம் உங்கள் வரவா இல்லையா என்று விளக்க வேண்டிவரும். இதற்கு நல்ல வழி, கடை பில்லை வாடிக்கையாளர் பெயரில் போடச் சொல்லி, பணத்தையும் அவரையே நேராகக் கடைக்கு அனுப்பச் சொல்வது. முடியாத இடத்தில், ‘என் சார்பில் வாங்குங்கள்’ என்று அவரிடம் எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல, கடிதமாக. அந்தத் தொகையை உங்கள் பில்லில் கட்டணத்தோடு கலக்காமல் தனியாகக் காட்டுங்கள். அதன்மேல் ஒரு ரூபாய்கூட வைக்காதீர்கள். வைத்தால் அந்தத் தொகையும் உங்கள் 20 லட்சக் கணக்கில் சேர்ந்துவிடும். அதற்கென்று தனி வங்கிக் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் டிசைனருக்கென்று தரும் கமிஷன் உங்கள் வருமானம், அது 20 லட்சக் கணக்கில் சேரும். கடந்த ஆண்டின் வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, மெட்டீரியல் வரவு எவ்வளவு, பில் யார் பெயரில் என்று முதலில் பிரியுங்கள். 20 லட்சம் தாண்டியிருந்தால் 30 நாளில் பதிவு செய்திருக்க வேண்டும். தாமதிக்காமல் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

ரிட்டர்ன் போடுமுன், உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் 90,000 முழுவதும் ஏறியிருக்கிறதா பாருங்கள். உங்களிடம் பிடித்ததை அரசிடம் கட்டாமல், அல்லது கட்டியும் தங்கள் டிடிஎஸ் ரிட்டர்னில் உங்கள் பான் எண்ணைத் தப்பாகப் போட்டு வைத்திருக்கும் கம்பெனிகள் ஏராளம். பிடித்த வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 205ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ரிட்டர்ன்களைச் சரிபார்க்கும் பெங்களூர் கணினி அதைப் படிப்பதில்லை. 26ஏஎஸ்-இல் இல்லையென்றால் உங்கள் ரீஃபண்டைக் குறைத்துவிட்டுப் போகிறது. தப்பு கம்பெனியுடையது, அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு நடையாய் நடப்பது நீங்கள். இத்தனை ஆண்டுகளாக இதைச் சரிசெய்யாமல் இருப்பது அநியாயம். வேறு வழியில்லை, கம்பெனியிடம் படிவம் 16ஏ (டிடிஎஸ் சான்றிதழ்) கேட்டு ஈமெயில் அனுப்புங்கள். போனில் சொன்னால் சாட்சி இருக்காது.

பில்லில் வரிசை எண், தேதி, உங்கள் பான், செய்த வேலை, தொகை, வங்கி விவரம் இருந்தால் போதும். ஏப்ரலில் வரிசை எண்ணைப் புதிதாகத் தொடங்குங்கள். வீட்டுக்காரர் ரொக்கமாகத் தருகிறேன் என்றால், ஒரு வேலைக்கு மொத்தமாக 2 லட்சத்தையோ அதற்கு மேலோ வாங்கவே கூடாது, தவணையாகப் பிரித்தாலும் சரி. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். வருமானம் கூடி, டிடிஎஸ் போக வரி 10,000 ரூபாயை எட்டும் ஆண்டில் மார்ச் 15-க்குள் முன்வரி கட்டிவிடுங்கள். சென்னை மாநகராட்சிக்குத் தொழில் வரியும் உண்டு: உங்கள் வருமானத்துக்கு அரையாண்டுக்கு 1,250 ரூபாய். சம்பளத்தில் இருந்தபோது கம்பெனி பிடித்துக் கட்டியது, இப்போது நீங்களே ஆன்லைனில் கட்ட வேண்டும்.