மலிவு ரைபிளுக்குப் புது பேரல்: எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது?

துப்பாக்கி சுடுதல் பற்றி கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் மூன்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் நெல்லிக்குப்பம். இப்போது டெக்சாஸில் கிரீன் கார்டில் இருக்கிறேன். என்னிடம் இருக்கும் .223 சாவேஜ் ஆக்சிஸ் ரைபிளின் பேரல் தேய்ந்துவிட்டது. புது பேரல் போடும்போது சின்னதாக ஒரு வைல்ட்கேட் தோட்டாவுக்கு மாறலாம் என்று ஆசை. கொயோட்டியும் (அமெரிக்கக் காட்டுநாய் வகை) காட்டுப்பன்றியும்தான் இலக்கு. .20 பிராக்டிகல், 6×45, .223 ஆக்லி, .22 கிரெண்டல் என்று நாலு பெயர் சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்? ரீலோடிங் (சுட்ட உறையில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றும்) கருவிகள் இருக்கின்றன.
- வாசகர், டெக்சாஸ்

பதில்: கம்பெனிகள் ஆயத்தமாக விற்காத, ஏற்கெனவே இருக்கும் தோட்டாவின் உறையை மாற்றி ஆர்வலர்கள் உருவாக்கிய ரகத்தைத்தான் வைல்ட்கேட் என்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முதலில் வேகப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். விலை குறைந்த ரைபிளில் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். உங்கள் போல்ட் முகம் (தோட்டாவின் பின்பக்கத்தைத் தாங்கும் பகுதி) எந்த அளவு அடிப்பாகத்தைப் பிடிக்கும், மேகசின் எந்த நீளத்தை ஏற்கும், உறையை எத்தனை வேலையில் செய்ய முடியும் என்ற மூன்றும்தான் முதல் கேள்விகள்.

.223 உறையின் விளிம்பு 0.378 அங்குலம். கிரெண்டல் குடும்பத்தின் விளிம்பு 0.44 அங்குலத்தை ஒட்டியது. அதற்கு வேறு போல்ட் தலை வேண்டும், உறையும் பருமன் என்பதால் மேகசினிலும் தகராறு வரும். பேரலோடு இதையெல்லாம் மாற்றினால் செலவு ரைபிளின் விலையைத் தாண்டிவிடும். .22 கிரெண்டலை விட்டுவிடுங்கள்.

.223 ஆக்லி உங்கள் போல்ட்டிலும் மேகசினிலும் பொருந்தும். ஆனால் உறையின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) 40 டிகிரிக்கு நிமிர வேண்டும் என்றால், ஒவ்வொரு உறையையும் ஒருமுறை சுட்டுத்தான் அந்த வடிவத்துக்குக் கொண்டுவர முடியும். அதற்கே குண்டும் வெடிமருந்தும் பேரலின் ஆயுளும் போகும். கிடைக்கும் வேகமோ சொற்பம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஆக்லி சேம்பரின் (தோட்டா உட்காரும் அறையின்) ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம், மூல தோட்டாவைவிட 0.004 அங்குலம் குறைவாக அமைய வேண்டும். கையில் இருக்கும் .223 அளவுகோலை வைத்து அப்படியே பூட்டினால் சேம்பர் தளர்ந்து, முதல் சூட்டிலேயே உறை அடிப்பக்கம் இழுபட்டு மெலிந்துபோகும்.

மிஞ்சுவது .20 பிராக்டிகலும் 6×45ம். இரண்டுமே .223 உறையின் கழுத்தை மட்டும் மாற்றியவை. முதலாவதில் கழுத்து 0.204 அங்குலக் குண்டுக்குச் சுருங்குகிறது, இரண்டாவதில் 0.243க்கு விரிகிறது. உடலும் தோளும் அப்படியே இருப்பதால் போல்ட், மேகசின், ஹெட்ஸ்பேஸ் அளவுகோல் எதையும் மாற்ற வேண்டாம். முதல் வைல்ட்கேட்டுக்கு இதைவிட நல்ல அடிப்படை கிடையாது.

உங்கள் பட்டியலில் பன்றி இருப்பதால் எங்கள் தேர்வு 6×45. இருபது காலிபரின் 32, 40 கிரெயின் (குண்டு எடையின் அளவு) குண்டுகள் பெரும்பாலும் மெல்லிய மேல்தகடு உள்ளவை, கொயோட்டிக்கு அருமை. வளர்ந்த பன்றியின் தோள்பட்டைத் தடிப்பில் பட்டால் உள்ளே இறங்காமல் மேலேயே சிதறிவிடும். விலங்கு காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாகும், அதை எந்த வேட்டைக்காரரும் ஏற்கக் கூடாது. 6 மி.மீ.யில் 70 முதல் 85 கிரெயின் வரை, வேட்டைக்கென்றே செய்த கெட்டியான குண்டு கிடைக்கிறது. பன்றியை விட்டுவிட்டு கொயோட்டி மட்டும் என்றால் .20 பிராக்டிகல் போடலாம். உதைப்பு அவ்வளவு குறைவு என்பதால் குண்டு படுவதை ஸ்கோப்பிலேயே பார்க்க முடியும். ரீலோடிங்கில் சலிப்பு வரும் என்று தோன்றினால் .204 ரூகர் பேரல் போதும். 2004இல் வந்த கம்பெனித் தோட்டா அது. அதே போல்ட் முகம், அதே மேகசின் நீளம், கடையில் வாங்கிச் சுடலாம்.

பேரல் ஆர்டர் செய்யும்போது மரை 1.055 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி என்று சொல்லுங்கள். சேம்பர் வெட்டி முடித்த, நட்டால் பூட்டும் ரகமாகக் கேளுங்கள். ட்விஸ்ட் (பேரலுக்குள் இருக்கும் சுழல்வரியின் நெருக்கம்) 6×45க்கு 9 அல்லது 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, .20க்கு 40 கிரெயின் வரை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு நிலையாகப் பறக்க எவ்வளவு ட்விஸ்ட் தேவை என்பதை எடையைவிட நீளம்தான் தீர்மானிக்கிறது. ஈயமே இல்லாத செம்புக் குண்டு அதே எடையில் நீளமாக இருக்கும். அதைச் சுடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதாக, சேம்பரின் கழுத்து விட்டம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பலர் கேட்காமல் விடுவது இதைத்தான், ஆபத்தும் இங்கேதான். கழுத்தைச் சுருக்கினால் அதன் சுவர் தடிக்கும். .20 பிராக்டிகலில் சுவர் 0.013 அங்குலம் என்றால், குண்டு ஏற்றிய கழுத்து 0.204 கூட்டல் 0.026, அதாவது 0.230. சேம்பர் கழுத்து 0.233 என்றால் 0.003 இடைவெளி, அது சரி. வேறு கம்பெனி உறையில் சுவர் 0.014 இருந்தால் இடைவெளி 0.001 மட்டுமே. கழுத்து விரிந்து குண்டை விட இடமில்லாமல் அழுத்தம் எகிறும். அதனால் ஒரே கம்பெனியின், ஒரே முத்திரை உறைகளை மட்டும் பயன்படுத்துங்கள். குண்டு ஏற்றிய பத்துத் தோட்டாக்களின் கழுத்தை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகுதான் முதல் தோட்டாவைச் சுட வேண்டும். 6×45இல் கழுத்து விரிவதால் சுவர் மெலியும், இந்தத் தொல்லை குறைவு. அங்கே பயம் வெடிப்புதான். பலமுறை சுட்டு இறுகிப்போன உறை விரிக்கும்போது வாயில் கீறும். ஒருமுறை மட்டும் சுட்ட உறையை எடுத்து, கழுத்தின் உள்ளே மசகு தடவி, கூம்பு முனையுள்ள எக்ஸ்பாண்டரால் நிதானமாக விரியுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டிச் சமன் செய்யுங்கள்.

பூட்டும் வேலை கடினமில்லை. தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, போல்ட்டையும் ஸ்கோப்பையும் கழற்றி, ஸ்டாக்கிலிருந்து (கட்டைப் பகுதியிலிருந்து) ஆக்‌ஷனை எடுங்கள். ஆக்சிஸில் ரீகாயில் லக் (உதைப்பைத் தாங்கும் இரும்புத் துண்டு) ஸ்டாக்கிலேயே பதிந்திருக்கும், பேரலோடு வராது. பேரலை வைஸில் இறுக்கி, நட்டுக்கு உரிய ஸ்பானரால் இடப்பக்கம் திருப்பினால் கழலும். கம்பெனியில் பூட்டிய நட்டு அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள், சுத்தியலை எடுக்காதீர்கள். மரையைத் துடைத்து, இறுகாமலிருக்கும் கிரீஸ் தடவி, புது பேரலைக் கையால் சுற்றி ஏற்றுங்கள். போல்ட்டிலிருந்து எஜெக்டரை (உறையை வெளியே தள்ளும் பாகத்தை) கழற்றிவிடுங்கள். அதன் ஸ்பிரிங் அளவுகோலைத் தள்ளி, பொய்யான உணர்வைத் தரும். .223 'கோ' அளவுகோலை (குறைந்தபட்ச ஹெட்ஸ்பேஸைக் காட்டுவது) சேம்பரில் வைத்து போல்ட்டை மூடி, பேரல் அதைத் தொடும் வரை சுற்றி, அங்கேயே நிறுத்தி நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது பேரல் இம்மியளவு நகரும். அதனால் மறுபடி சோதியுங்கள். 'கோ'வில் போல்ட் தடையின்றி மூட வேண்டும், 'நோ-கோ'வில் (அளவு மீறியதைக் காட்டுவது) மூடக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.003 அங்குலம்தான்.

வெடிமருந்து அளவுக்கு அச்சிட்ட ரீலோடிங் கையேட்டில் அந்தத் தோட்டாவின் பெயரிலேயே உள்ள தொடக்க அளவை எடுங்கள். உறை ஒன்றுதானே என்று .223 அளவை வைக்கவே கூடாது. போல்ட் தூக்கக் கனத்தாலோ, பிரைமர் (உறை அடியில் தீப்பற்ற வைக்கும் சிறு மூடி) ஓரம் தட்டையாகி வழிந்தாலோ அங்கேயே நிறுத்திக் குறைத்துவிடுங்கள்.

உறையின் அடியில் இன்னமும் .223 என்றுதான் முத்திரை இருக்கும் என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். சாதாரண .223 தோட்டா 6×45 சேம்பரில் நுழையும், வெடிக்கவும் செய்யும்; குண்டு பேரலில் பிடிப்பில்லாமல் போகும். பேரலில் தோட்டாவின் பெயரைப் பொறிக்கச் சொல்லுங்கள். உறை அடியில் வண்ண நெயில் பாலிஷ் வைத்து, தனிப் பெட்டியில் பூட்டுங்கள்.

இதைப் படிக்கும் எச்-1பி விசாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. நண்பரின் ரைபிளைக் கையில் வாங்கும் முன்பே அதைச் சரிபாருங்கள்.

கேள்வி: தாத்தா பெயரில் இருந்து முறைப்படி அப்பா பெயருக்கு மாறிய .315 ரைபிள் இருக்கிறது. குறி தப்புகிறது. கடலூரில் நல்ல லேத் பட்டறைகள் இருக்கின்றன. பேரலைக் கடைந்து, தோட்டா மலிவாகக் கிடைக்கும் வேறு போருக்கு (குழல் விட்டத்துக்கு) மாற்றலாமா?
- வாசகர், பண்ருட்டி

பதில்: கூடாது, தம்பி. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5இன்படி துப்பாக்கியை மாற்றியமைக்கவும் பழுது பார்க்கவும் அதற்கென்றே லைசென்ஸ் வேண்டும். அப்பாவிடம் இருப்பது வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் மட்டும்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பிரிவை மீறினால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. பட்டறைக்காரரும் சேர்ந்து மாட்டுவார். லைசென்ஸ் புத்தகத்தில் எழுதிய போரும் கையில் இருக்கும் போரும் வேறாக இருந்தால் அடுத்த புதுப்பித்தலிலேயே தெரிந்துவிடும்.

குறி தப்புவதற்குப் பேரல் தேய்மானம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்டாக் திருகுகள் தளர்ந்திருக்கிறதா, முன்சைட் நகர்ந்திருக்கிறதா, பேரலின் வாய் ஓரத்தில் அடிபட்ட தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். வாயில் நகக்கண் அளவு தழும்பு இருந்தாலும் குண்டை ஒரு பக்கமாகத் தள்ளும். உள்ளே செம்புப் படிவு இருக்கலாம். செம்பு கரைக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து விட்டு, துணி நீலமில்லாமல் வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடலோர உப்புக் காற்றில் தோல் உறைக்குள்ளோ சாக்குக்குள்ளோ வைத்தால் ஈரம் கோத்து, ஒரு மழைக்காலத்திலேயே உள்ளே புள்ளி புள்ளியாகத் துரு அரித்துவிடும். எண்ணெய் பூசி, சிலிக்கா ஜெல் பையோடு பூட்டிய இரும்பு அலமாரியில் திறந்து வையுங்கள். சுடும் முன் பேரலுக்குள் இருக்கும் எண்ணெயைத் துடைக்க மறக்க வேண்டாம். இவ்வளவுக்கும் சரியாகவில்லை என்றால், பழுதுபார்க்கும் லைசென்ஸ் உள்ள டீலரிடம் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.

கேள்வி: மகள் கல்லூரியில் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். சொந்த ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா? பெல்லட் எப்படித் தேர்ந்தெடுப்பது? சிலிண்டரில் காற்று நிரப்ப இங்கே வழி உண்டா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: .177 காலிபரில் 20 ஜூலுக்கு மிகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், அம்மா. போட்டி ரைபிள்கள் 7.5 ஜூலை ஒட்டியே இருக்கும். பில்லையும் ரைபிளின் எண்ணையும் பத்திரமாக வையுங்கள், பயணத்தில் உதவும்.

பெல்லட் தட்டை முனையாக, 0.53 கிராம் எடையில் இருக்கட்டும். தலை விட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று தனித்தனி டப்பாக்களில் வரும். எது நல்லது என்று யாராலும் பொதுவாகச் சொல்ல முடியாது, ஒவ்வொரு பேரலுக்கும் ஒன்று பிடிக்கும். ரைபிளை அசையாமல் தாங்கி வைத்து ஒவ்வொன்றிலும் பத்து சுட்டு, ஓட்டை மிகச் சிறியதாக வரும் அளவையே வாங்குங்கள். பத்துப் புள்ளி வட்டம் வெறும் 0.5 மி.மீ. என்பதால் இந்த வித்தியாசம் மதிப்பெண்ணில் தெரியும்.

காற்றுக்குக் கைப்பம்ப் போதும், ஆனால் நம் ஊர் ஈரப்பதம் சிலிண்டருக்குள் தண்ணீராக இறங்கும், ஈரம் வடிகட்டும் பகுதி உள்ள பம்பாகப் பாருங்கள். புதுச்சேரியின் ஸ்கூபா டைவிங் மையங்களில் உலர்ந்த காற்று கிடைக்கும். பொருத்தும் அடாப்டரைக் கையோடு கொண்டுபோய், சிலிண்டரில் எழுதிய 200 பார் அளவைத் தாண்டாமல் மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். வேகமாக நிரப்பினால் சூடேறி, ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும். மருத்துவமனை ஆக்சிஜனை மட்டும் எக்காரணம் கொண்டும் நிரப்பாதீர்கள், வால்வில் இருக்கும் துளி எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். பழைய ரைபிள் வாங்குவதாக இருந்தால் சிலிண்டரில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். போட்டி ரைபிள் தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 ஆண்டுதான் கெடு தருகிறார்கள், அதைத் தாண்டிய சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.