ஆன்லைன் கடைக்கு எந்த அஃபிலியேட்டைச் சேர்க்கலாம், யாரை மறுக்கலாம்?

தன் லிங்க் வழியாக உங்கள் கடையில் விற்பனை நடந்தால் கமிஷன் பெறுபவர்தான் அஃபிலியேட். பட்டுக்கடைக்கு வெளியூர்க்காரரைக் கூட்டிவரும் ஆட்டோக்காரருக்குக் கமிஷன் நியாயம். ஏற்கெனவே படியேறிவிட்டவரைக் காட்டி "நான்தான் கூட்டிவந்தேன்" என்பவருக்குக் கொடுக்கக் கூடாது.

பெரும்பாலான திட்டங்களில் கடைசியாகக் கிளிக் ஆன லிங்குக்கே கமிஷன். கூப்பன் தளங்களில் கவனம் தேவைப்படுவது இதனால்தான். பொருளைக் கார்ட்டில் போட்டவர், பணம் கட்டும் பக்கத்தில் கூப்பன் பெட்டியைப் பார்த்ததும் உங்கள் கடைப் பெயரோடு 'கூப்பன்' என்று கூகுளில் தேடுவார். அங்கே வரும் கூப்பன் தளத்தின் அஃபிலியேட் லிங்கில் ஒரு கிளிக். தள்ளுபடியும் போகும், கமிஷனும் போகும். யார் லிங்க் வழியாக வந்தார் என்று பிரவுசரில் பதியும் சிறு குறிப்புதான் குக்கீ; கிளிக்கே இல்லாமல் அதைத் திணிப்பது இன்னும் மோசம். இபே என்ற ஆன்லைன் சந்தையின் அஃபிலியேட் திட்டத்தில் அப்படிச் செய்ததாக 2010-இல் அமெரிக்காவில் குற்றவழக்கே வந்தது.

விண்ணப்பித்தவரின் கடைசி ஐந்தாறு பதிவுகளைப் படியுங்கள். பொருளைப் பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறவர் என்றால், வாசகர் குறைவாக இருந்தாலும் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைப் பெயரைக் கீவேர்டாக, அதாவது தேடல் சொல்லாக, வைத்து அஃபிலியேட் விளம்பரம் போடக்கூடாது என்று விதிமுறையில் எழுதுங்கள். ரிட்டர்ன் காலம் முடிந்த பிறகே கமிஷனை விடுவியுங்கள்.

"விற்றால்தானே கமிஷன், யாரைச் சேர்த்தாலும் நஷ்டமில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தானாக நடந்திருக்கும் விற்பனைக்கும் சேர்த்தே பணம் போகும்.