வாசகர் கேள்வி – பதில்: ஒடிசாவில் பார்க்க வேண்டியவை

கேள்வி: கோனார்க் சூரியக் கோயிலுக்குச் சென்று வந்த என் மகன், அங்கே கோபுரமும் இல்லை, உள்ளே நுழையவும் முடியாது என்று ஏமாற்றத்துடன் சொல்கிறான். பெற்றோருடன் நான்கு நாள் பயணமாக ஒடிசா செல்லவிருக்கும் நான் கோனார்க்கைச் சேர்த்துக்கொள்ளலாமா?
– கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை முதல் நாளில் வைக்காமல், புவனேஸ்வரத்துக் கோயில்களைப் பார்த்த பிறகு செல்லுங்கள். உங்கள் மகனின் ஏமாற்றத்துக்குக் காரணம், அந்தக் கோயில் முழுமையாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லாததுதான் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் வாயிற்கோபுரங்களின் உயரத்துக்குப் பழகிய நம் கண், ஒடிசாவிலும் வாசலிலேயே உயரத்தைத் தேடும். அங்கே கருவறையின் மேல் எழும் ரேகா தேவுல் என்னும் கோபுரமே மிக உயரமானது. அதன் முன்னே, படிப்படியாக அடுக்கிய கூரையுடன் ஜகமோகனம் என்னும் மண்டபம் தாழ்ந்து நிற்கும். புவனேஸ்வரத்தில் 7ஆம் நூற்றாண்டின் பரசுராமேஸ்வரம், 10ஆம் நூற்றாண்டின் முக்தேஸ்வரம், 11ஆம் நூற்றாண்டின் லிங்கராஜர் கோயில் ஆகியவற்றை இதே வரிசையில் பார்த்தால், சிறிய கோயிலாகத் தொடங்கிய இந்த அமைப்பு எப்படி வளர்ந்தது என்பது தானே விளங்கும். முக்தேஸ்வரத்தின் தோரண வாயிலுக்கு மட்டுமே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

அதன் பிறகு கோனார்க் சென்றால், நிமிர்ந்து நிற்பது முன்மண்டபம் மட்டுமே என்பதும், அதன் பின்னால் அதைவிட உயரமான கருவறைக் கோபுரம் இருந்திருக்க வேண்டும் என்பதும் யாரும் சொல்லாமலே உங்கள் பெற்றோருக்குப் புரிந்துவிடும். கீழைக் கங்க மன்னன் முதலாம் நரசிம்மதேவன் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய இக்கோயிலின் பெரிய கோபுரம் 200 அடிக்கு மேல் உயர்ந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அது எதனால் விழுந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனினும் 1837இல் அதன் ஒரு மூலை இன்னும் நின்றுகொண்டிருந்ததைக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் வரைந்து வைத்தார். 1848இல் வீசிய பெருங்காற்றில் அதுவும் சரிந்தது. எஞ்சிய ஜகமோகனமும் விழுந்துவிடாதிருக்க, 1903இல் ஆங்கிலேய அரசு அதன் உள்ளே மணலை நிரப்பி வாயில்களைச் சுவரெழுப்பி அடைத்தது. உங்கள் மகனால் உள்ளே செல்ல முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.

உள்ளே செல்ல முடியாவிட்டாலும், வெளிப்புறத்தைப் பார்க்கவே அரை நாள் போதாது. 24 சக்கரங்களும் 7 குதிரைகளும் கொண்ட சூரியனின் தேராகக் கோயில் முழுவதையும் வடித்திருக்கிறார்கள். உங்கள் ஊரை அடுத்த தாராசுரத்தில், கோனார்க்குக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னரே, மண்டபத்தைச் சக்கரமும் குதிரையும் பூட்டிய தேராகச் சோழர்கள் அமைத்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த நினைவோடு சென்றால் இரண்டின் அளவையும் மனம் தானே ஒப்பிட்டுக்கொள்ளும். பலர் சக்கரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படித் திரும்பாமல், பின்புறம் சென்று இடிந்த கருவறையின் மூன்று பக்கங்களிலும் பச்சை கலந்த கருங்கல்லில் நிற்கும் சூரியனின் மூன்று உருவங்களைப் பாருங்கள். வடக்குப் பக்கத்தில் குதிரை மீது அமர்ந்திருப்பவர் மாலைச் சூரியன் என்பார்கள். யானைகள் நடக்கும் கீழ்வரிசைகளுக்கிடையே ஓர் ஒட்டகச்சிவிங்கியும் உண்டு. ஆப்பிரிக்கக் கரையோடு கலிங்கத்துக்கு இருந்த கடல் தொடர்புக்கு அது சான்று என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்லுங்கள். மற்ற மாதங்களில் அந்த வெயிலைப் பெரியவர்கள் தாங்க மாட்டார்கள்.

கேள்வி: கலிங்கம் என்றால் அசோகன் போரும் கலிங்கத்துப்பரணியும்தான் நமக்குத் தெரியும். அவற்றோடு தொடர்புடைய இடங்கள் உள்ளனவா?
– மதுரை வாசகர் ஒருவர்

பதில்: புவனேஸ்வரத்தை அடுத்துள்ள தௌலியில், பாறையிலிருந்து பாதி உடல் வெளிப்படுவது போலச் செதுக்கிய யானைக்கு அருகே அசோகனின் கல்வெட்டு உள்ளது. மற்ற இடங்களில் கலிங்கப் போரின் உயிர்ச்சேதத்துக்கு வருந்தும் 13ஆம் ஆணை, போர் நடந்த இந்த மண்ணில் மட்டும் பொறிக்கப்படவில்லை. அதற்குப் பதிலாக, மக்கள் அனைவரும் தன் பிள்ளைகள் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தும் தனி ஆணைகள் உள்ளன. தோற்ற மக்களிடம் அவர்களுடைய சாவுக்கணக்கைச் சொல்ல ஓர் அரசன் தயங்கியிருக்கிறான் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உதயகிரியின் ஹாத்திகும்பா குகையில் பண்டைக் கலிங்க மன்னன் காரவேலன் பொறித்த கல்வெட்டு, தமிழ் அரசர்களின் கூட்டணி ஒன்றைத் தான் முறியடித்ததாகக் கூறுகிறது. பண்டைத் தமிழக வரலாற்றுக்கு அது மிக முக்கியமான வெளிச்சான்று. பரணி பாடும் போரில் சோழப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானை எதிர்கொண்ட அனந்தவர்மன், பூரி ஜகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கனே என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. அவன் தாய் ராஜசுந்தரி சோழர் குலத்து இளவரசி. அவன் பெயரிலேயே சோழமும் கங்கமும் சேர்ந்து நிற்கின்றன. பரணியைப் படித்தவர்கள் பூரியில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: பட்டசித்திர ஓவியம் வாங்க எங்கே செல்வது? அசலை எப்படி அறிவது?
– சேலம் வாசகி ஒருவர்

பதில்: பூரிக்கு அருகிலுள்ள ரகுராஜ்பூருக்குச் செல்லுங்கள். ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்திரா பிறந்த அந்த ஊரில் ஓவியர்கள் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து வரைகிறார்கள். துணியின் மீது புளியங்கொட்டைப் பசையும் சுண்ணக்கட்டித் தூளும் பூசிக் காயவைத்து, வழவழப்பாகத் தேய்த்த பிறகே வரையத் தொடங்குகிறார்கள். சங்கை அரைத்து வெள்ளையும், விளக்குக் கரியிலிருந்து கறுப்பும், ஜாதிலிங்கம் என்னும் செந்நிறத் தாதுவிலிருந்து சிவப்பும் எடுத்து விளாம்பிசினில் குழைப்பது மரபு. இன்று கடை வண்ணங்களும் புழங்குகின்றன. எதனால் வரைந்தது என்று நேரில் கேட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள். ஸ்நான பூர்ணிமை நீராட்டு விழாவுக்குப் பிறகு ஜகந்நாதர் காய்ச்சலில் இருப்பதாகக் கருதி ஏறத்தாழ 15 நாட்கள் தரிசனம் நிறுத்தப்படும்போது, மூலவருக்குப் பதிலாக வழிபடப்படுவது துணியில் வரைந்த இத்தகைய ஓவியங்களே. அதனால் அங்கே பேரம் பேசும்போது சற்று மனம் வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: சிலிகா ஏரியில் டால்ஃபின் பார்க்க முடியுமா?
– கடலூர் வாசகர் ஒருவர்

பதில்: சாத்தபடாவிலிருந்து படகில் செல்லலாம். அங்குள்ள ஐராவதி டால்ஃபின்கள் நீருக்கு மேல் தாவிக் குதிப்பது அரிது. மழுங்கிய தலையும் முதுகும் ஒரு கணம் தெரிந்து மறையும். துரத்திச் செல்ல வேண்டாம் என்று படகோட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வேற்று மதத்தைச் சேர்ந்த என் நண்பர் ஜகந்நாதரைத் தரிசிக்க இயலுமா?
– புதுச்சேரி வாசகர் ஒருவர்

பதில்: பூரி கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. ஆனால் ஜூன் அல்லது ஜூலையில் வரும் தேரோட்டத்தின்போது ஜகந்நாதரும் பலபத்திரரும் சுபத்திரையும் தெருவுக்கே வருகிறார்கள். அன்று எவரும் கண்ணாரக் காணலாம். பூரி அரச மரபின் தலைவரான கஜபதி மன்னர் பொற்பிடித் துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்கிய பிறகே தேர்கள் குண்டிச்சா கோயிலை நோக்கி நகரும். நம் ஊர்த் தேர்களைப் போலத் தலைமுறைகளுக்கு நிற்பவை அல்ல அவை. 16, 14, 12 சக்கரங்கள் கொண்ட அந்த மூன்று தேர்களையும் ஒவ்வோர் ஆண்டும் புதிய மரத்தில் செய்கிறார்கள். விழா முடிந்ததும் பிரித்த மரத்தில் பெரும்பகுதி கோயில் மடைப்பள்ளி அடுப்புக்கு விறகாகிறது.