ஜெர்மனில நெட்டு எப்படின்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, அக்டோபர்ல மாஸ்டர்ஸ் படிக்க மாக்டெபுர்க் வாரேன், அங்க நெட் எப்படி, டோரன்ட்ல படம் இறக்கலாமா, விபிஎன் போட்டா தப்பா, அரசியல் எழுதினா புடிப்பாங்களான்னு ஒரே மூச்சுல கேட்டிருக்க. பதிமூணு வருஷமா இங்க குப்பை கொட்டுறேன், பட்டதைச் சொல்றேன்.

முதல்ல ஸ்பீடு. ஜெர்மனின்னா எல்லாம் பறக்கும்னு நெனச்சு வராத. டிரெயின் ஊரைத் தாண்டுனதும் போன்ல சிக்னல் செத்துரும், அதுக்குன்னே இவங்ககிட்ட ஃபுங்க்லோக், அதாவது சிக்னல் ஓட்டைன்னு ஒரு வார்த்தை இருக்குன்னா பாத்துக்கோ. வீட்டுக் கனெக்‌ஷன் பெரும்பாலும் 24 மாச ஒப்பந்தம், நடுவுல சும்மா விட மாட்டான். முன்னாடியெல்லாம் கேன்சல் பண்ண மறந்தா தானா இன்னொரு வருஷம் நீண்டுக்கிட்டிருந்துச்சு, 2021 டிசம்பர்ல சட்டம் மாத்துனதுக்கு அப்புறம் 24 மாசம் முடிஞ்சா ஒரு மாச நோட்டீஸ்ல வெட்டிரலாம். ரெண்டு வருஷப் படிப்புக்கு கணக்கு சரியா வரும், ஆனா நடுவுல வீடு மாறுவேன்னு தோணுச்சுன்னா ரேட் கொஞ்சம் கூட இருந்தாலும் மாசாமாசம் நிறுத்துற பிளானா எடு. சிம்முக்கு 2017ல இருந்து ப்ரீபெய்டா இருந்தாலும் பாஸ்போர்ட் காட்டணும். என் பாஸ்போர்ட்டை வீடியோ கால்ல ஏத்துக்கல, போஸ்ட் ஆபீஸ்ல போய் நின்னுதான் வாங்குனேன்.

இப்போ டோரன்ட். வேண்டாம். ஊர்ல பண்ண மாதிரி இங்க பண்ணிராத.

நான் வந்த புதுசுல நாலு பேர் சேர்ந்த வீடு, ரவுட்டர் என் பேர்ல. ரூம்ல இருந்த பய ஒருத்தன் ஏதோ இங்கிலீஷ் படத்தை ராத்திரி போட்டுவிட்டு தூங்கிட்டான். கொஞ்ச நாள் கழிச்சு வக்கீல் ஆபீஸ்ல இருந்து கனமா ஒரு கவர், படத்தோட பேரு, தேதி, மணி, நிமிஷம், நம்ம நெட்டோட அடையாள எண்ணான ஐபி நம்பர் எல்லாம் போட்டு 900 யூரோவுக்கு மேல கட்டுன்னு. இந்த வக்கீல் எச்சரிக்கை நோட்டீஸை அப்மானுங்னு சொல்லுவாங்க, மாணவங்க நடுவுல அந்த வார்த்தையைச் சொன்னாலே ஒரு அமைதி வரும். டோரன்ட்ல நீ இறக்கும்போதே அடுத்தவனுக்கு ஏத்திக்கிட்டும் இருக்க, அந்த ஏத்துறதைத்தான் புடிக்கிறான். படக்கம்பெனிக்கு வேலை பாக்குறவன் அதே கூட்டத்துல உக்காந்து ஐபி எல்லாம் குறிச்சுக்குவான், அப்புறம் கோர்ட் ஆர்டர் வாங்கி அந்த நேரத்துல அது யாரோட கனெக்‌ஷன்னு கேப்பான். போலீஸ் வராது, தபால்காரர்தான் வருவார். அப்படி ஒண்ணு வந்தா கிழிச்சுப் போடாத, கூட இருக்கிற இனிமே செய்ய மாட்டேன்ங்கிற பத்திரத்துல பதறிப்போய் கையெழுத்தும் போடாத, அது காலத்துக்கும் உன்னைக் கட்டிப்போடும். கெடு முடியுறதுக்குள்ள யூனிவர்சிட்டி மாணவர் சங்கத்து வக்கீல்கிட்டயோ ஃபெர்பிராவ்கர்சென்ட்ராலேன்னு போர்டு போட்ட நுகர்வோர் மையத்துலயோ காட்டு.

விபிஎன், அதாவது உன் நெட்டை வேற ஒரு கம்ப்யூட்டர் வழியா சுத்தி அனுப்புறது, தப்பே இல்ல, ஜர்னல் படிக்க யூனிவர்சிட்டியே ஒண்ணு தரும். அதைப் போட்டுக்கிட்டு டோரன்ட் ஓட்டலாமான்னு மட்டும் கேட்றாத.

நீ என்ன படிக்கிற, எந்தக் கட்சியைத் திட்டுறன்னு கவர்மென்ட் எட்டிப் பாக்காதுன்னே சொல்லலாம். ரஷ்ய அரசோட ஆர்டி சேனலை 2022ல யூரோப்பிய யூனியனே தடுத்துச்சு, மத்தபடி ஊர்ல பேன் ஆன டிக்டாக் கூட இங்க ஓடுது. எனக்கு திருநெல்வேலி. 2018 மே மாசம் தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு நடந்தப்போ எங்க ஊரையும் சேர்த்து மூணு மாவட்டத்துல நெட்டை நிறுத்திட்டாங்க, வாட்ஸ்அப்ல ஒத்தை டிக்கைப் பாத்துக்கிட்டே ரெண்டு மூணு நாள் இருந்தேன். கலவரம்னு சொல்லி மாவட்டத்தோட நெட்டை அணைச்சதை இந்த ஊர்ல நான் பாத்ததில்ல.

ஆனா அடுத்த மனுஷனைத் தொட்டா கதை வேற. இங்க ஒருத்தரை அசிங்கமா திட்டுறதே கிரிமினல் குத்தம், ஆன்லைன்லயும் அதேதான். 2021ல ஹாம்பர்க் உள்துறை அமைச்சர் ஆண்டி குரோட்டேவை ஒருத்தர் ட்விட்டர்ல சின்னதா ஒரு கெட்ட வார்த்தை சொன்னதுக்கு காலங்காத்தால போலீஸ் வீட்டை சோதனை போட்டுச்சு. அது ரொம்ப ஓவர்னு கோர்ட்டே பின்னாடி சொல்லிருச்சு, எனக்கும் அப்படித்தான் தோணுது. போட்டோவும் அப்படி. ஒருத்தர் முகம் தெரியுற படத்தைப் போடணும்னா அவர்கிட்ட கேக்கணும், அது 1907 சட்டம். ஜெர்மனியோட முதல் சான்சலர் பிஸ்மார்க் 1898ல செத்தப்போ ரெண்டு போட்டோகிராபர் ராத்திரி ரூமுக்குள்ள புகுந்து பிணத்தை படம் புடிச்சதுல வந்த வினை. தெருவைப் படம் புடிச்சு மேப்ல காட்டுற கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2010ல வந்தப்போ ரெண்டு லட்சத்துக்கும் மேல வீட்டுக்காரங்க என் வீட்டை மறைன்னு எழுதிக் கொடுத்த ஊரு இது, கிளாஸ்ல செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டுக்கோ.

இன்னொண்ணு, வீட்டுல பால் காய்ச்சுன போட்டோ, புது வண்டி பூஜை போட்டோ போடுறப்போ ஸ்வஸ்திக் தெரியுதான்னு பாரு. அதே மாதிரி இருக்கிற நாஜி சின்னத்தை பொதுவுல காட்டுறது இங்க குத்தம். சாமி சின்னத்தைத் தடுக்கிறது சட்டத்தோட நோக்கம் இல்ல, ஆனா பாக்குற ஜெர்மன்காரனுக்கு நீ ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கணும்.

வந்து இறங்குன அன்னைக்கே தபால் பெட்டிலயும் காலிங் பெல்லுலயும் உன் பேரை எழுதி ஒட்டிரு, ஓனர் பேருக்குக் கீழ சின்னதா இருந்தாலும் போதும். நான் ஒட்டாம விட்டதால நெட் போட வந்த டெக்னீஷியன் பேரைக் காணோம்னு திரும்பிப் போயிட்டாரு, அடுத்த தேதி கெடைக்க மூணு வாரம்.