செயற்கை மூட்டை இன்னும் கெட்டியான உலோகத்தில் செய்தால் நெடுநாள் உழைக்காதா?

இராணிப்பேட்டையில் இயந்திர உதிரிபாகப் பட்டறை நடத்தும் எனக்கும் முதலில் இதே கேள்விதான் எழுந்தது. குடியாத்தத்தில் தறிக்குழியிலேயே காலம் கழித்த என் அத்தைக்கு, 1990களில் பொருத்திய முழங்கால் மூட்டை மறுபடி மாற்ற நேர்ந்தபோது, கழற்றியதை மருத்துவர் ஓர் எஃகுத் தட்டில் வைத்துக் காட்டினார். உலோகம் பளபளப்பாகவே இருந்தது. நடுவிலிருந்த பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் தகடு மட்டும் மஞ்சளித்து, பின்விளிம்பில் காய்ந்த சோப்புக்கட்டிபோலச் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது.

பட்டறையில் பேரிங் தேய்ந்து உதிரும் தூளை எண்ணெய் அடித்துக்கொண்டுபோய் வடிகட்டியில் சேர்த்துவிடும். உடம்பில் அப்படியொரு வடிகட்டி கிடையாது. நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களை விழுங்கும் பாதுகாப்பு அணுக்கள் அவற்றைச் செரிக்க முடியாமல் அழற்சியைக் கிளப்ப, அதனால் தூண்டப்படும் வேறு அணுக்கள் மூட்டைத் தாங்கும் எலும்பையே அரித்துவிடுகின்றன. மூட்டு முழுதாகத் தேயும் முன்பே ஆடத் தொடங்குகிறது.

உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டுகளையும் செய்து பார்த்தார்கள். கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்திலும் சுற்றுத் தசையிலும் கலந்ததால், 2010ஐ ஒட்டி அவற்றின் பயன்பாடு பெரிதும் சரிந்தது. தவிர, மிக விறைப்பான உலோகம் சுமையைத் தானே வாங்கிக்கொள்வதால், வேலையற்றுப்போன எலும்பு மெலிகிறது.

எனவே, கவனிக்க வேண்டியது நடுத்தகட்டைத்தான். இங்கிலாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தி, அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோனதால் 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். பிறகு கதிர்வீச்சால் அதன் மூலக்கூறு இழைகளைக் குறுக்கே பிணைத்துத் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்தார்கள். அதே கதிர்வீச்சு விட்டுச்செல்லும் எச்சங்கள் நாளடைவில் ஆக்சிஜனோடு சேர்ந்து பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்யும் என்பதால், உருக்கி ஆற்றுவதும் வைட்டமின் ஈ சேர்ப்பதும் வழக்கமாயின. ஆனால் பிணைப்பு கூடக்கூட விரிசலைத் தாங்கும் வலு குறைகிறது. இடுப்பின் கிண்ணத்துக்கு அது பெரிய குறையில்லை. சிறு பரப்பில் அழுத்தம் குவியும் முழங்காலில் யோசித்தே செய்ய வேண்டும்.

செயற்கை மூட்டு பதினைந்து ஆண்டுதான் உழைக்கும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடிய கணக்கும் பழையது. 2019இல் வெளியான ஆய்வின்படி, முழங்கால் மூட்டுகளில் சுமார் 82 விழுக்காடும் இடுப்பு மூட்டுகளில் 58 விழுக்காடும் 25 ஆண்டுகள் தாங்குகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் நாற்காலியில் அமரும் நாடுகளின் கணக்குகள். சம்மணமிடும்போதும் குந்தும்போதும் தொடைப்பகுதி தகட்டின் பின்விளிம்பில்தான் அழுந்துகிறது. அத்தையின் தகடு பெயர்ந்திருந்ததும் அங்கேதான். நம்மவர்களுக்கு மூட்டு வடிவமைப்பவர் முதலில் அந்த விளிம்பைத்தான் திருத்த வேண்டும் என்பது என் எண்ணம்.